நிரோஷன் சொன்ன சின்னச் சொல்

இந்தக் காலத்தில் சாகப்போகிறவன்கூட சரியான சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தால் சிங்களத்துக்கு ஒன்றை அமுக்கு, தமிழுக்கு இரண்டை அமுக்கு என்கிறது. இரண்டை அமுக்கினால் இன்னொரு பட்டியல் வாசிக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் எதை அமுக்குவான்? வீட்டுக்கூரை பறந்துவிட்டது என்று ஆபீசில் போய் நின்றால், காற்றில் பறந்ததா, மண் சரிந்து போனதா, அதற்கு வேறு படிவம், இதற்கு வேறு படிவம் என்கிறார்கள். கூரை போனவனுக்கு மேலே வானம்தான் தெரியும். மனிதன் மனிதனைக் கூப்பிட்டால் வர வேண்டும். இப்போது கூப்பிடுவதற்கே வகுப்பு நடத்துகிறார்கள். அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தவன்தான் நிரோஷன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறி ஒரு மணி நேரம். நிரோஷன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மருதாயியின் ஒரே மகன். டவுனில் மஹ்ரூப் முதலாளியின் கருவாட்டுக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மஹ்ரூப்பின் மச்சான் அக்ரமுக்குப் பேருவளையில் ஒரு பெரிய போட் இருந்தது. வாரக்கணக்கில் கடலிலேயே நின்று மீன் பிடிக்கிற சாதி. அதில் ஓர் ஆள் குறைந்தபோது இவனைக் கேட்டார்கள். தமிழும் சிங்களமும் தண்ணீராய்ப் பேசுவான், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பான் என்று ரேடியோ செட்டை இவன் கையில் கொடுத்தார்கள். குளத்தில்கூட நீந்தாதவன் கடலுக்குப் போனான். அவன் பெண்சாதி தர்மிளா கொழுந்து எடுக்கிறவள். ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

சித்திரை லீவில் வந்தபோது வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுகொண்டே அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னான்.

"மூணு சொல்லு இருக்கு மாமா. மேடே, மேடே, மேடேன்னு மூணு தடவ சொன்னா உசுருக்கு இப்பவே ஆபத்துன்னு அர்த்தம். போட்டு தாழுது, தீப்புடிச்சிருச்சு, அப்படி. கேட்டவங்க எல்லாம் கைவேலையப் போட்டுட்டு வரணும். அடுத்தது பான் பான்."

"பாணா? கடல்லயும் பேக்கரிப் பாண் வண்டி வருதா?" என்றேன். மருதாயி வாயில் வைத்த ரொட்டி சிதறச் சிரித்தாள்.

"சிரிங்க, சிரிங்க. அதுவும் மூணு தடவ சொல்லணும். அவசரம், ஒதவி வேணும், ஆனா இந்த நிமிசம் சாவு இல்லேன்னு அர்த்தம். எஞ்சின் நின்னா, ஆளுக்குக் கை ஒடைஞ்சா, அதுக்குச் சொல்றது. மூணாவது செக்யூரித்தே. அது சும்மா எச்சரிக்க. இந்த எடத்துல பெரிய மரம் மெதக்குது, பாத்துப் போங்கங்கிற மாதிரி."

"எதுக்குடா மூணு? பெரிய சொல்ல மட்டும் படிச்சு வச்சுக்க. போதும்."

"அப்படிச் சொல்லக்கூடாது மாமா. நாம பொய்யாச் சொன்னா, நெசமாவே சாவுறவன்கிட்டப் போற கப்பல் நம்மகிட்ட வந்து நிக்கும்."

"நம்மகிட்ட வந்து நின்னா நல்லதுதானே?"

அவன் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான். தர்மிளா மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்றையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்ததை நான் கண்டேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தோட்டத்தில் இருந்தவனுக்குத் தெரியும். இங்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்து லாரி வர வேண்டும். லாரி வர வேண்டுமென்றால் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் ஆட்கள் பழகிக்கொண்டார்கள். வலி தொடங்கியதும் 'புள்ள தலை தெரியுது' என்று சொல்ல வேண்டும். அட்டை கடித்தாலும் பாம்பு என்று சொல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவன் பேசிக்கொண்டிருந்தாலும் 'பேச்சு மூச்சு இல்லீங்க' என்று சொல்ல வேண்டும். லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் என்ன சொல்லிக் கேட்பது என்று என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்லிக் கொடுத்து லாரி வராமல் போனதில்லை.

வைகாசி பிறந்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ. மூன்று நாளாக மழை விடவில்லை. மலைக்கு மேலே மேகம் இறங்கி, பத்து அடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. அந்த மழையிலும் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனார்கள். எங்கள் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் மட்டும்தான் போன் பிடிக்கும். காவல் வேலையை விட்டபிறகு நானும் பொழுது போக அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒன்பதரை மணி நிறுவைக்குத் தர்மிளா கூடையை இறக்கும்போது அவள் போன் அடித்தது. மஹ்ரூப்.

"தங்கச்சி, பயப்படாதீங்க," என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம் வந்துவிடும். தர்மிளா கை ஈரத்தைப் படங்கில் துடைத்துக்கொண்டு போனைச் சத்தமாக வைத்தாள். "நம்மட போட் எஞ்சின் நின்டிருக்கு. போட் அடி விசிறியில வலை சுத்திக்கிட்டாம். காத்து கடும். போட் இழுபட்டுப் போகுது. நிரோஷன் ரேடியோவுல சென்னத அக்ரம் மச்சான் ஊட்டுச் செட்டுல கேட்டிருக்காங்க. கரையில ஈக்கிற ரேடியோ நிலையமும் கேட்டு, எடத்தக் குறிச்சு எடுத்திருக்கு."

"என்ன சொல்லு சொன்னாரு?" என்றாள் தர்மிளா.

"என்ன?"

"மேடேயா, பான் பானா?"

"பான் பான்டுதான் சென்ன. நாலு பேருக்கும் ஒன்டுமில்ல. வேற ஒரு போட் இழுக்க வருதாம். ஆனா அது வர ஆறு ஏழு மணித்தியாலம் செல்லும்."

தர்மிளா மூச்சு விட்டாள். "அப்ப சரி," என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. என்ன சரி? கடல் இப்படிக் கொந்தளிக்கிறது, எஞ்சின் இல்லாமல் நாலு பேர் மிதக்கிறார்கள், ஏழு மணி நேரமாம், இவள் சரி என்கிறாள். அதற்குள் மருதாயி மேல் மலையிலிருந்து ஓடி வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து, முழங்காலெல்லாம் சேறு.

"எம்புள்ள என்னா சொன்னான்? என்னா சொன்னான்?"

"சின்னச் சொல்லுதான் சொல்லியிருக்கான்," என்றேன். "வகுப்புல படிச்சதச் சொல்லிட்டு உக்காந்திருக்கான்."

"அடப்பாவி! வாயத் தொறந்து கத்தாம…"

கணக்கப்பிள்ளை யோகராஜ் தராசை நிறுத்திவிட்டார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுசன். "மொதல்ல எல்லாரும் தேத்தண்ணி குடிங்க," என்று மடுவத்துக் கேத்திலை அடுப்பில் வைத்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் மலைக்குத் திரும்பவில்லை. அவரும் திரும்பச் சொல்லவில்லை. இதை எழுதும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்துத் துரை கேட்டிருந்தால் அவர்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மஹ்ரூப் திரும்ப அடித்தார். கடையைப் பூட்டிவிட்டு வேனில் எங்கள் பக்கம் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். காற்று இன்னும் கூடியிருக்கிறதாம். அந்தப் பக்கம் இன்னொரு போட் கவிழ்ந்து ஐந்து பேர் தண்ணீரில் கிடக்கிறார்களாம். நேவிக் கப்பல் அங்கே போயிருக்கிறதாம்.

போனைத் தர்மிளா கையிலிருந்து நான் பிடுங்கினேன்.

"மொதலாளி, நான் செல்லையா பேசுறேன். நீங்க உங்க மச்சான்கிட்டச் சொல்லி நேவிக்கு அடிக்கச் சொல்லுங்க. போட்டு தாழுதுன்னு சொல்லச் சொல்லுங்க. தண்ணி இடுப்பு மட்டும் வந்துருச்சுன்னு சொல்லுங்க."

"அண்ணே, எனக்கும் அந்த நெனப்புதான் ஓடுது," என்றார் மஹ்ரூப். "ஊட்டுக்காரங்க செல்லச் சென்னா நான் செல்லுறேன்."

"நாங்கதான் சொல்றோம். சொல்லுங்க."

"சொல்லாதீங்க!" என்று தர்மிளா கத்தினாள். அந்தப் பிள்ளை கத்தி நான் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் போனை வாங்கினாள். "மஹ்ரூப் நானா, அவரு என்ன சொல்லிருக்காரோ அதுதான். யாரும் மாத்தாதீங்க. அங்க இருக்கிறது அவரு. நாம இல்ல."

"நீ ஒரு பொம்பளையா?" என்றாள் மருதாயி. "புருசன் கடல்ல கெடக்கான், இவ கப்பல வேண்டாங்கிறா!"

"வேண்டாங்கல அத்த. அஞ்சு பேரு தண்ணிக்குள்ள கெடக்காங்க. நாம பொய் சொல்லி அந்தக் கப்பலத் திருப்புனா?"

"அந்த அஞ்சு பேரு உனக்கு யாரு?"

"அவுங்களுக்கும் வீடு இருக்கும் அத்த."

நான் சொன்னேன். அதுவரை லயத்தில் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னேன். "ஏம்மா, எம் பொஞ்சாதிக்கு வயித்து வலி வந்தப்ப ஆபீசுல போய் உள்ளதச் சொன்னவன் நான். வயித்து வலிங்க, ரெண்டு நாளா இருக்குன்னேன். லாரி கொழுந்துக்குப் போயிருக்கு, சாயங்காலம் பாப்போம்னாங்க. நானும் சரிங்கன்னு கைய கட்டிக்கிட்டு வந்தேன். சாயங்காலம் லாரி வந்துச்சு. ஏத்துறதுக்குத்தான் ஆளு இல்ல. சாவுறான்னு ஒரு சொல்லு கூட்டிச் சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா. உள்ளதச் சொன்னா எவன் வருவான்?"

தர்மிளாவின் கண் நிறைந்தது. ஆனால் போனைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"பாவம்தான் மாமா," என்றாள். "ஆனா நான் மாத்த மாட்டேன்."

மஹ்ரூப் போனுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "சரி தங்கச்சி. மாத்தல்ல," என்று வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு அவர் வேன் மேலே வந்து சேர்ந்தது. பாதி வழியில் மண் விழுந்து கிடந்ததாம். அவரும் டிரைவரும் இறங்கி மண்வெட்டியால் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள். கட்டியிருந்த சாரம் முட்டி வரை சேறு. கையில் இரண்டு பை. ஒன்றில் பாண், மற்றதில் அவர் மனைவி நூரியா கட்டிக் கொடுத்த பருப்புக் கறியும் கருவாட்டுப் பொரியலும். "திண்டுட்டு அழுங்க," என்றார் மருதாயியிடம். அவள் பாணைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டேகாலுக்கு அக்ரம் அவரைக் கூப்பிட்டார். மஹ்ரூப் கேட்டுக்கொண்டே எழுந்து மடுவத்தின் ஓரத்துக்குப் போனார். மழை அவர் தோளில் விழுந்தது, அவர் நகரவில்லை. திரும்பி வந்து தர்மிளா பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"பின்பக்கம் வெடிச்சுத் தண்ணி உள்ளுக்கு வருதாம். நிரோஷன் இப்ப மேடே செல்லியிருக்கான். மூனு தரம் செல்லி, எடத்தச் செல்லி, நாலு பேருண்டும் செல்லியிருக்கான். பொறகு செட்டுல சத்தமில்ல."

மருதாயி போட்ட சத்தம் அடுத்த டிவிசனுக்குக் கேட்டிருக்கும். பாணை எறிந்துவிட்டுத் தர்மிளாவின் தலைமுடியைப் பிடித்தாள். "காலையிலயே சொல்லியிருந்தா இந்நேரம் வந்திருப்பாங்களேடி! நீதான் கொன்ன! நீதான்!" யோகராஜும் இரண்டு பெண்களும் பிடித்து விலக்கினார்கள். தர்மிளா தடுக்கவில்லை. மடுவத்து மூலையில் நிறுக்காமல் கிடந்த தன் கொழுந்தைச் சாக்கில் கொட்டி, முத்தின இலையைப் பொறுக்கி வெளியே போடத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக. இரண்டு மணி நேரம் அதையே செய்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நல்ல கொழுந்தும் சேர்ந்து வெளியே விழுந்துகொண்டிருந்தது. நான்தான் குனிந்து எடுத்து உள்ளே போட்டேன். வேறென்ன செய்ய?

இடையில் ஒரு போன் வந்தது. போட் ஓட்டுகிற ஜயந்தவின் அம்மா. பேருவளைக்காரி, சிங்களம் மட்டும்தான். மருதாயியோடு பேச வேண்டுமாம். "பய வென்ன எப்பா அக்கே," என்று அந்தப் பக்கத்தில் கேட்டது. பயப்படாதே அக்கா என்று சொல்கிறவளின் குரலே உடைந்திருந்தது. இருவரும் முகம் தெரியாமல், ஒருத்தி கடற்கரையிலும் ஒருத்தி மலையிலுமாக, மாறி மாறி அழுதார்கள். அழுது முடித்த பிறகு மருதாயி கொஞ்சம் அடங்கினாள். அந்தத் தாய்க்கும் நன்றி சொல்ல வேண்டும்.

நாலரை மணிக்கு மஹ்ரூப்பின் போன். அவர் காதில் வைத்தார். முகம் கோணியது. நான் எழுந்துவிட்டேன். அவர் கீழே, அந்த ஈரச் சிமெண்டில், தொழுகையில் செய்வதுபோல் அப்படியே சுஜூதில் விழுந்தார். நெற்றியை எடுத்து, "அல்ஹம்துலில்லாஹ். நாலு பேரும். நாலு பேரும்," என்றார்.

வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. காலையில் நிரோஷன் சின்னச் சொல் சொன்னபோதே அதைக் கேட்டு இடத்தைக் குறித்து வைத்திருந்ததாம். பிறகு மணிக்கு ஒரு தரம் போட் இழுபட இழுபட இவன் புது இடத்தைச் சொன்னதையும் குறித்திருக்கிறார்கள். மேடே என்றதும் திரும்பி நேராக வந்து, வலை ஏணியைப் போட்டு நாலு பேரையும் தூக்கியிருக்கிறார்கள். போட் தாழ்ந்துவிட்டது. அக்ரம் பாவம். 'போட்டப் பத்திப் பேசாதீங்க, ஆளுகள் வந்தாச்சு' என்றாராம்.

மருதாயி தர்மிளாவிடம் போனாள். தான் பிடித்து இழுத்த முடியைக் கையால் கோதி முடிந்துவிட்டாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. மாமியார் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, மலையே கேட்க அழுதது.

நாலாம் நாள் நிரோஷன் வந்தான். உதடெல்லாம் வெடித்து, கண் உள்ளே போய், கப்பல்காரன் கொடுத்த பெரிய சட்டையோடு வந்தான். மருதாயி அந்தச் சட்டையைத் துவைத்து மாரியம்மன் கோயிலில் வைத்துப் பூசை போட்டாள். எந்த நாட்டுக்காரன் சட்டை என்று யாருக்கும் தெரியாது. ஐயர், எந்தப் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். "அந்தக் கப்பல்ல இருந்தவங்க எல்லாருக்கும்," என்றாள் மருதாயி. பெயரும் நட்சத்திரமும் இல்லாமல் எப்படிச் செய்வது என்று முனகிக்கொண்டே செய்தார். மஹ்ரூப் குடும்பம் இனிப்பான வட்டிலாப்பம் கொண்டுவந்தது. நூரியா தர்மிளாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. கவிழ்ந்த போட்டில் ஐந்து பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். நேவிக்காரர்கள் கடைசி ஆளை எடுக்கும்போது அவன் பிடித்திருந்த கேன் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்ததாம்.

எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது நான் நிரோஷனைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டேய், உள்ளதச் சொல்லு. காலையிலயே பெரிய சொல்லச் சொல்லியிருந்தா அந்தக் கப்பல் காலையிலயே வந்திருக்குமா, வராதா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பயல்.

"வந்திருக்கலாம் மாமா. சொல்ல முடியாது."

"பாத்தியா?"

"ஆனா காலையில அந்த அஞ்சு பேரு மேடே சொல்றது எங்க செட்டுல கேட்டுச்சு மாமா. அவுங்க குரல் கேட்டுச்சு. அதுக்கு மேல எங்க போட்டு தாழுதுன்னு எப்படிச் சொல்றது? தாழலயே. ஜயந்த அண்ணனும் பான் பான்னே சொல்லுன்னுட்டாரு." வட்டிலாப்பத் தட்டைக் கீழே வைத்தான். "பொறகு நெசமாவே தாழுறப்போ அந்தச் சொல்லு எனக்கு மிச்சம் இருந்துச்சு. கேட்டவன் சந்தேகப்படல. காலையில இருந்து உள்ளதத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"கேட்டவன் நல்லவனா இருந்தான். அதனால வந்தான். எல்லாரும் அப்படி இருப்பானா?"

"இருக்க மாட்டாங்க மாமா."

"அப்புறம்?"

அவன் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எனக்கும் அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்றில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து தின்கிறான், அது போதும். கப்பல்காரனுக்கு, மஹ்ரூப்புக்கு, யோகராஜுக்கு, பேருவளைத் தாய்க்கு, போனைக் கொடுக்காத அந்தப் பிள்ளைக்கு, எல்லாருக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கும்பிடுவது வேறு, நம்புவது வேறு.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தர்மிளா பின்னாலேயே படி வரைக்கும் வந்து, தலைக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டுவிட்டாள். குறும்பாகக் கேட்டாள்.

"மாமா, நாளைக்கு உங்களுக்கு ஒன்னுன்னா ஆபீசுல நான் என்னன்னு சொல்லட்டும்?"

"செத்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு."

"லேசாத் தலவலின்னாலுமா?"

"ஆமா. வந்து பாத்துட்டு அவங்களே கொறைச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் என் காம்பராவுக்கு நடந்தேன்.